இரண்டாம் சிடியைப் போடவும்

"மொத சிடிய எந்த மெஷினும் ஓட்டிரும்டா. ரெண்டாவது சிடிய மாத்திக் காட்டச் சொல்லு, அப்பால துட்ட எடு."

பழைய பிளேஸ்டேஷன் வாங்கப் போகிற எவனுக்கும் என் பெரியம்மா மகன் சொல்கிற புத்திமதி இவ்வளவுதான். 2000-ஐ ஒட்டிய வருடங்கள். வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்திலிருந்து பர்மா பஜாருக்குக் கிளம்புகிற பையன்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவார்கள், மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல் பார்க்கத் தெரிந்த ஆளை அழைத்துப் போவதுபோல. அவர் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் ஃபைனல் ஃபேன்டசி 8-இன் நான்கு சிடிகளும் ஒரு மெமரி கார்டும் இருக்கும். முதல் சிடியின் கதை முடிகிற இடத்தில் ஆட்டத்தைச் சேமித்துவைத்த கார்டு அது. ஏற்றினால் உடனே இரண்டாவது சிடியைக் கேட்கும்.

கடையில் எப்போதும் கார் ரேஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வாங்க வந்த பையன் அதைப் பார்த்து மயங்கி நிற்பான். அண்ணன் திரையையே பார்க்கமாட்டார், குனிந்து மெஷினிடம் காதைக் கொடுப்பார். பிறகு ஓப்பன் பட்டனை அழுத்தி மூடியைத் திறப்பார். சிடி உட்காரும் குமிழில் மூன்று சின்ன உருண்டைகள் இருக்கும். சிடியின் நடு ஓட்டையைக் கவ்விக்கொள்பவை அவைதான். மூன்றும் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வருகின்றனவா என்று விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துணிப்பை அவிழும். கார்டு ஏறும், இரண்டாம் சிடியைப் போடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த நேரத்தில் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். "அதெல்லாம் நல்லா ஓடும் தம்பி, வூட்ல போய்ப் பாத்துக்கோ" என்று அவர் சொல்லிவிட்டால் அண்ணன் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்.

பர்மாவில் நே வின் ஆட்சியில் கடை கண்ணிகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறித் திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பஜார் அது. ராஜாஜி சாலை நடைபாதையில், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற சின்னச் சின்னக் கடைகள். சென்ட் பாட்டில், கால்குலேட்டர், வாக்மேன் என்று காலத்துக்கு ஏற்ற சரக்கு அங்கே வந்துகொண்டே இருந்தது. எங்கள் காலத்துக்குப் பிளேஸ்டேஷன். வாங்கி முடித்தால் பேரம் பேசிய களைப்புக்கு அத்தோ. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைகோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வாங்காமல் திரும்பினாலும் அத்தோ உண்டு. அண்ணனுக்குக் கூலி அதுதான் என்பதால் சில சமயம் வேண்டுமென்றே வாங்கவிடாமல் செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

இரண்டாவது சிடியில் அப்படி என்ன வம்பு என்று கேட்கலாம். வம்பு சிடியில் மட்டும் இல்லை. பிளேஸ்டேஷனின் அசல் சிடியில், நடு ஓட்டையை ஒட்டிய உள்வட்டத்தில் தடம் சீராக ஓடாமல் லேசாக நெளிந்து போகும். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்து ஒளிந்திருக்கும். ஜப்பான் சிடி என்றால் எஸ்சிஇஐ, அமெரிக்கா என்றால் எஸ்சிஇஏ, ஐரோப்பா என்றால் எஸ்சிஇஇ. மெஷின் முதலில் இந்த நான்கெழுத்தைத்தான் படிக்கும். தன் தேசத்து எழுத்து இல்லையென்றால் ஆட்டத்தைத் தொடங்காது. கம்ப்யூட்டரில் சிடி எழுதுகிற கருவியால் மற்ற எல்லாவற்றையும் நகலெடுக்க முடியும், இந்த நெளிவை மட்டும் முடியாது. சிடியின் கறுப்பு அடிப்பாகத்தில்தான் ரகசியம் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். அதற்குத் தகுந்தாற்போல் கறுப்பு வெற்று சிடிகளும் கடைக்கு வந்தன, விலையும் கொஞ்சம் கூட. உண்மையில் அந்தக் கறுப்புக்கு ஒரு வேலையும் இல்லை. லென்ஸிலிருந்து வருகிற 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி கறுப்பைக் கண்ணாடிபோல் கடந்து போய்விடும்.

ஆகவே பஜாரில் விற்ற மெஷின்களில் அநேகமாக எல்லாவற்றிலும் சிப் இருந்தது. எட்டுக் கால் பூச்சி ஒன்று போர்டில் ஒட்டிக்கொண்டு, சிடி சொல்லவேண்டிய நான்கெழுத்தைத் தானே சொல்லிவிடும். சிப் வருவதற்கு முன்னால் கைவேலைதான். மூடியின் அடியில் இருக்கிற சின்ன முளை உடம்பில் உள்ள ஓட்டைக்குள் இறங்கி ஒரு சுவிட்சை அழுத்தும். மூடி சாத்தியிருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிவது அதனால்தான். அந்தச் சுவிட்சைப் பேனா ஸ்பிரிங்கால் அழுத்திவைத்துவிட்டு, மூடி திறந்தபடியே அசல் சிடியைப் போட்டு ஓட்டவேண்டும். நெளிவைப் படித்து முடித்து சிடி வேகம் குறைகிற நொடியில், சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கி நகலைப் போட்டுவிடவேண்டும். பழைய மாடல்களில் மட்டும் பலித்த வித்தை. மெஷின் அசல் சிடியின் அட்டவணையையே இன்னும் மனதில் வைத்திருக்கும் என்பதால், நகலைவிட அசலில் அதிகச் சரக்கு இருந்தால்தான் நகல் முழுக்க ஓடும். அண்ணனுக்கு இது தெரியும், செய்தும் காட்டுவார். சிடியின் விளிம்பு அவர் கட்டைவிரலைச் சீவிவிட்டதும் உண்டு.

சிப் வந்ததும் இந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது, ஆனால் வேறு கூத்து ஆரம்பித்தது. முதலில் வந்த சிப்புகள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தன. அசல் சிடியில் உள்வட்டத்தில் மட்டும்தான் அந்த நான்கெழுத்து உண்டு. மற்ற இடங்களிலும் அது கேட்கிறது என்றால் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னால் வந்த ஆட்டங்கள் சில இதைச் சோதித்தன. சிப்பைக் கண்டுபிடித்துவிட்டால் எச்சரிக்கைத் திரை ஒன்றைக் காட்டி அப்படியே நின்றுவிடும். இதைச் சமாளிக்க, மெஷின் போட்டவுடன் எழுத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற சிப்புகள் வந்தன. அவை அகப்படவில்லை. ஆனால் மூடியைத் திறந்து இரண்டாவது சிடியைப் போட்டால் மெஷின் மறுபடி நான்கெழுத்தைக் கேட்கும், சிப்போ தன் கடமை முடிந்தது என்று உறங்கிக்கொண்டிருக்கும்.

ரிச்சி தெருவில், மரப்படி ஏறிப்போனால் ஒரு ஆள் உட்காரவே இடம் காணாத அறையில் இருந்த ரிப்பேர்க்கார பாய் இதை எங்களுக்கு விளக்கினார். "பேசுனா மாட்டிக்கும். பேசலைன்னா ரெண்டாவது சிடி ஓடாது. என்ன செய்யணும்? மூடிய தொறக்கறப்ப மட்டும் எழுப்பி விடணும்." மூடிச் சுவிட்சிலிருந்து சிப்புக்கு தலைமுடி மாதிரி ஒரு வயரை இழுத்துப் பற்றவைத்தார். சால்டர் புகை அடங்கியதும் துணிப்பையிலிருந்த சிடிகளைப் போட்டுப் பார்த்தோம். இரண்டாவதை எடுத்தது, மூன்றாவதை எடுத்தது. பாய் திரையைப் பார்க்காமல் அடுத்த மெஷினை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆட்டங்களில் ஒன்றின் பெயரும் தெரியாது. 'நாலு சிடி', 'ரெண்டு சிடி' என்றுதான் சொல்வார்.

பாயிடம் வந்த எல்லா மெஷினும் சிப் கோளாறால் வந்தவை அல்ல. மூடியைச் சாத்தியும் 'சிடியைப் போடவும்' வரி போகவில்லை, உள்ளே சுற்றுகிற சத்தமும் இல்லை என்றால் அது மூடிச் சுவிட்ச். மூடியை அங்கங்கே அழுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மோட்டார் எழுந்துகொள்ளும். முளையின் தலையில் மடித்த காகிதத்தை ஒட்டினால் பல மாதம் ஓடும். சுற்றுகிறது, ஆனால் படிக்கவில்லை என்றால் லென்ஸ், அல்லது லென்ஸ் ஏறி நகர்கிற தண்டவாளம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லென்ஸைத் துடைப்பது எங்களுக்கே கைவந்த வேலை. தண்டவாளத்தில் வெள்ளை கிரீஸ் போடவேண்டும், துளிதான். சிலர் தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டு வருவார்கள் என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். லென்ஸுக்குப் பக்கத்தில் மிகச் சின்னத் திருகு ஒன்று உண்டு, ஒளியின் பலத்தைக் கூட்டிக் குறைக்க. அதைத் தொட அண்ணனுக்கு அவர் அனுமதி கொடுத்ததே இல்லை. கூட்டினால் அன்றைக்குப் படிக்கும், லென்ஸின் ஆயுள் குறையும்.

எந்த மருந்துக்கும் மசியாதபோது கடைசிப் பரிகாரம் ஒன்று உலகம் முழுவதும் வழக்கத்தில் இருந்தது. மெஷினைக் குப்புறக் கவிழ்த்துவைத்து ஆடுவது. முதல் மாடல்களில் லென்ஸ் பகுதி மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. சூட்டிலும் தேய்மானத்திலும் பிளாஸ்டிக் தண்டவாளம் இறங்கி, லென்ஸ் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் அதே எடை எதிர்ப்பக்கம் இழுக்கும், லென்ஸ் மறுபடி சிடியைக் காணும். பின்னால் வந்த மாடல்களில் லென்ஸைத் தள்ளிவைத்தார்கள். ஒரு சிடி ஆட்டத்துக்குக் கவிழ்ப்பது நல்ல வைத்தியம். இரண்டு சிடி ஆட்டம் என்றால் அங்கே ஒரு நாடகம் நடக்கும். ஓப்பன் பட்டன் இப்போது தரையைப் பார்த்துக் கிடக்கிறது. மெஷினைத் தூக்கவேண்டும், நிமிர்த்தவேண்டும், மூடியைத் திறந்து சிடியை மாற்றி மூன்று உருண்டைகளும் கவ்வுகிற 'டக்' கேட்கும்வரை அழுத்தவேண்டும், மூடி, மறுபடி கவிழ்க்கவேண்டும். இவ்வளவுக்கும் கரண்ட் ஒயர் உருவிவிடக்கூடாது. ஒருவன் மெஷினைத் தூக்க, ஒருவன் பின்னால் ஒயரைப் பிடிக்க, ஒருவன் சிடியோடு நிற்பான். சிடிக்காரன் கையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்று வீட்டில் பஜ்ஜி போட்ட நாளில் அவனை மட்டும் சாப்பிடவிடமாட்டோம்.

ரிவன் என்று ஒரு ஆட்டம் உண்டு, 1997-இல் வந்தது, ஐந்து சிடி. தீவுக்குத் தீவு போகிற கதை. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சிடி மாற்றவேண்டும், திரும்பி வந்தால் பழைய சிடியையே மறுபடி போடவேண்டும். கவிழ்த்துவைத்த மெஷினில் ரிவன் ஆட ஆசைப்பட்ட பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைப் பற்றி அண்ணன் மரியாதையோடு பேசுவார்.

சில சிக்கல்களுக்கு பாயிடமும் மருந்து இல்லை. நகல் சிடிக்கு உறை கிடையாது, பாலிதீன் கவர்தான். மெட்டல் கியர் சாலிட், 1998, இரண்டு சிடி. அதில் மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிடவேண்டும். அலைவரிசை எண் சிடி உறையின் பின்பக்கம் இருக்கிறது என்று ஆட்டத்திலேயே சொல்வார்கள். நிஜமாகவே அசல் உறையின் பின்பக்கப் படத்தில் அந்த எண் அச்சாகியிருந்தது: 140.15. எங்கள் பாலிதீன் கவரின் பின்பக்கத்தில் பாலிதீன்தான் இருந்தது. ஆட்டத்துக்குள் ஒரு வட்டும் கொடுப்பார்கள், அதைத்தான் சொல்கிறார்களோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு கோடை விடுமுறையில் பாதி போனது. கடைசியில் அந்த எண் பக்கத்துச் சந்திலிருந்து, தேர்வு விடைபோல், ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வந்து சேர்ந்தது.

இன்னொன்று, எழுதுகிறவர்களின் அவசரம். சிடியின் மேல் மார்க்கரால் '2' என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது முதல் சிடியின் இன்னொரு நகல். ஒவ்வொரு சிடியிலும் இது எத்தனையாவது என்கிற அடையாளம் உள்ளே பதிவாகியிருக்கும், ஆட்டம் பார்ப்பது அதைத்தான். 'இரண்டாம் சிடியைப் போடவும்' என்று அது மறுபடி கேட்கும். மறுபடி போடுவோம். மறுபடி கேட்கும். நாங்கள் சுவிட்சைச் சந்தேகிப்போம், லென்ஸைத் துடைப்போம், சிப்பைத் திட்டுவோம். அண்ணன் மட்டும் மெஷினை அணைத்துவிட்டு அந்த இரண்டாவது சிடியை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். தொடக்கக் காட்சி ஓடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

காசு விஷயமும் இருந்தது. நான்கு சிடி ஆட்டம் என்றால் நான்கு மடங்கு விலை. ஆகவே நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொரு சிடி வாங்குவது எங்கள் தெருவில் முறையாக இருந்தது. முதல் சிடி வாங்கியவனுக்குக் கௌரவம், அவன் வீட்டில்தான் ஆட்டம் தொடங்கும். மூன்றாவது சிடிக்காரனோடு கிரிக்கெட்டில் சண்டை வந்துவிட்டால், இரண்டாவதின் முடிவில் கதை அப்படியே நிற்கும். மெமரி கார்டு பதினைந்து கட்டம்தான் கொள்ளும், அதில் ஒரு கட்டத்தில் ஃபைனல் ஃபேன்டசியின் ஸ்குவாலும் ரினோவாவும் எங்கள் சமாதானத்துக்காகக் காத்துக்கிடப்பார்கள். ஒரு தடவை மூன்றாவது சிடி, அதன் சொந்தக்காரனோடு செங்கல்பட்டுக்கு அவன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. தபாலில் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதலாமா என்று தீவிரமாகப் பேசினோம்.

இத்தனை தொல்லையையும் சொல்லிவிட்டு, சிடி மாற்றுவதில் எங்களுக்குக் கிடைத்த சுகத்தைச் சொல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு நன்றி கொன்றவனாவேன். ரிட்ஜ் ரேசர், 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் பிறந்தபோதே கூட வந்த ஆட்டம். அது முழுவதையும் மெமரிக்குள் ஏற்றிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு சிடியின் வேலை பாட்டுப் போடுவது மட்டும்தான். அதனால் ஆட்டம் தொடங்கியபின் மூடியைத் திறந்து, நமக்குப் பிடித்த பாட்டு சிடியைப் போட்டுச் சாத்தினால், அந்தப் பாட்டுக்குக் கார் ஓடும். சித்தப்பாவிடம் இளையராஜா சிடி ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் வரைந்த கடலோரச் சாலையில் சிவப்புக் கார் வளைவில் வழுக்கிப் போக, தபேலாவும் வயலினும் கூட வந்தன. அந்தச் சாலைக்கே அவர் போட்ட பின்னணி என்றுதான் எங்களுக்குத் தோன்றும். மாலையில் சித்தப்பா வந்து சிடியைத் தேடுவார். அது மெஷினுக்குள் வெதுவெதுவென்று இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் மான்ஸ்டர் ராஞ்சர். டெக்மோ கம்பெனியின் ஆட்டம், 1997. பழங்காலப் பிராணிகள் வட்டமான கல்லுக்குள் அடைபட்டிருக்கின்றன என்பது கதை. கோயில் ஒன்றுக்குப் போய் அவற்றை விடுவிக்கவேண்டும். கோயிலுக்குப் போனதும் ஆட்டம் தன் சிடியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது ஒரு சிடியைப் போடச் சொல்லும். வீட்டில் இருக்கிற எந்த சிடியும் ஆகலாம், பாட்டு சிடி, வேறு ஆட்டத்தின் சிடி, எதுவும். அந்த சிடியில் உள்ளதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு பிராணியை உண்டாக்கித் தரும். அதே சிடியை மறுபடி போட்டால் அதே பிராணிதான். பிறகு ஆட்டத்தின் சிடியைத் திரும்பக் கேட்கும்.

வேறு ஆட்டங்களில் 'சிடி மாற்று' என்றால் வயிற்றைக் கலக்கும். இதில் அதற்காகவே ஆடினோம். தெருவில் இருந்த சிடியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்யாண வீடியோ சிடி வந்தது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகத் தந்த சிடி வந்தது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த அக்காவின் சாஃப்ட்வேர் சிடி வந்தது. கடைசியில் அண்ணன் ஆயாவின் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு சிடியை எடுத்தார். ஆயா அடுக்களையிலிருந்து வந்து நின்றுகொண்டார். சீர்காழி உள்ளே போனார், மூடி சாத்தப்பட்டது, சுற்றுகிற சத்தம் ஏறி இறங்கியது. கோயிலில் வெளிச்சம் வந்தது. ஒற்றைக் கண்ணும் தொங்குகிற நாக்குமாக மஞ்சள் பிராணி ஒன்று குதித்துக்கொண்டு வெளியே வந்தது.

"புள்ளையார் பாட்டப் போட்டா இதுவாடா வரும்?" என்றார் ஆயா. ஆனாலும் அதற்குக் கணபதி என்று அவர்தான் பெயர் வைத்தார், அது பந்தயத்தில் தோற்றால் அவருக்கு அன்று முழுவதும் மனசு சரியிருக்காது. அதன் வயது கூடிக்கொண்டே போவதும், ஒரு கட்டத்தில் இறந்துவிடும் என்பதும் ஆட்டத்தின் விதி. அதை அண்ணன் அவரிடம் சொல்லவில்லை. கணபதி போன பிறகு சத்தமில்லாமல் சீர்காழி சிடியை மறுபடி போட்டு அதே பிராணியை வரவழைத்துவிட்டார். "எளைச்சுட்டான்" என்று மட்டும் ஆயா சொன்னார்.

2006-இல் அந்த மெஷின் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பஜார் செல்போனுக்கு மாறியிருந்தது, பாயின் மாடியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனவன், படியே இடம் மாறியிருப்பதைக் கண்டு கீழேயே டீ குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பழைய மெஷினிலும் இப்போது லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்டி கார்டு செருகும் பலகையை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மூடி இருக்கும், திறக்கவேண்டிய அவசியம் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 8-ஐ 2019-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். அண்ணன் இப்போது துபாயில் இருக்கிறார், அவர் மகன் அதைத்தான் ஆடினான். முதல் சிடி முடிகிற இடம் வந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் ஆட்டம் அப்படியே தொடர்ந்து போய்விட்டதாம். "ஒன்னுக்குப் போகக்கூட நேரம் குடுக்கலடா" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார். முதல் சிடியும் இரண்டாம் சிடியும் சேருகிற இடம் எது என்று மகனுக்குக் காட்ட முயன்றிருக்கிறார், அவனுக்கு விளங்கவில்லை.

மான்ஸ்டர் ராஞ்சரும் 2021-இல் திரும்ப வந்திருக்கிறது. இன்றைய மெஷின்களிலும் போன்களிலும் சிடி போட இடம் ஏது. அதனால் உலகத்து சிடிகளின் பெயரையெல்லாம் பெரிய பட்டியலாகப் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். பெயரை எழுதித் தேடினால் அந்த சிடிக்குரிய பிராணி வரும். நல்ல ஏற்பாடுதான், வேறு வழியும் இல்லை. போன வாரம் அண்ணனிடம் இதைச் சொன்னேன், சீர்காழியைத் தேடிப் பார்க்கலாமா என்றும் கேட்டேன்.

"பேர எழுதி இன்னாத்துக்குடா கேக்கணும்?" என்றார். "சிடி எங்கிட்டதான கீது. மெஷின் ஒன்னு பாத்து வையி, பழசா இருந்தாலும் பரவால்ல. வாங்கறதுக்கு முன்ன ரெண்டாவது சிடிய மாத்திக் காட்டச் சொல்லு."